நன்கொடையாளருக்கு நன்றி கூறும் முறை

ஊழல் எதிர்ப்புச் சங்கம் நடத்துகிறோம். ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பெயர்களை அச்சிட வேண்டுமா? சிலர் தயங்குகிறார்கள். – வாசகர், மதுரை

அவசியம் அச்சிடுங்கள், பெயரோடு தொகையையும், அது எக்காரியத்துக்குச் செலவாயிற்று என்பதையும் சேர்த்தே அச்சிடுங்கள். கட்சிகளுக்குப் பணம் கொடுத்தவர் யாரென்று வாக்காளன் அறிய வேண்டுமென்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தார் முதலியோர் வழக்காடி, அதன் பயனாய் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தையே ரத்துச் செய்த தேசத்தில், கட்சிகளிடம் நாம் கேட்கும் வெளிச்சத்தை நம் கணக்குக்கு மட்டும் மறுப்பது தர்மமாகாது.

தயங்குகிறவரிடம் பணம் பெறுமுன்பே இந்த நியமத்தைச் சொல்லிவிடுங்கள்; சம்மதியாதவரின் தொகையை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். பணம் தராவிடினும், தகவலறியும் உரிமை மனுக்களை எழுதித் தந்தவர்கள், ஊதியமின்றி வழக்காடிய வக்கீல்கள், கூட்டத்துக்கு இடம் தந்த வாசகசாலை ஆகியோருக்கு, அவரவர் செய்த உபகாரத்தை விவரமாகச் சொல்லி, முதற்பக்கத்திலேயே நன்றி கூறுங்கள்.