பொட்டலம் பேச வேண்டும்

ஓர் ஊரில் பத்துப் பெண்கள் கடன் வாங்கி அப்பளத் தொழில் தொடங்கினார்கள். நல்ல உளுந்து. நல்ல ருசி. ஆனால் கடைக்குக் கொடுத்த பொட்டலங்கள் விற்காமல் திரும்பி வந்தன. கடன் தவணை நெருங்கியது.

குழுத் தலைவி கடைக்காரரிடம் போனார்.

"அண்ணே, எங்கள் அப்பளத்தில் என்ன குறை?"

"அப்பளத்தில் குறை இல்லை, தங்கச்சி. பொட்டலத்தில்தான் குறை. நீயே பார்."

தலைவி பார்த்தார். பொட்டலம் முழுவதும் எழுத்து. குழுவின் நீளமான பெயர். பத்துப் பேரின் பெயர்கள். நடுவில் ஒரு மயில் படம். சிவப்புத் தாளில் நீல எழுத்து. 'அப்பளம்' என்ற சொல் மட்டும் மூலையில் சிறியதாக இருந்தது.

"வாங்க வருகிறவர் ஒரு நொடிதான் பார்ப்பார். அதற்குள் இது அப்பளம் என்று தெரிய வேண்டாமா? ஒருவர் இதை மத்தாப்பு என்று நினைத்துவிட்டார்!" என்றார் கடைக்காரர்.

தலைவிக்குச் சிரிப்பும் வந்தது. வருத்தமும் வந்தது.

ஏழு பெண்களின் கதை

அப்பளம் விற்று வென்ற பெண்களும் உண்டு. 1959 மார்ச் 15 அன்று மும்பையில் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் கூடினார்கள். கடனாக வாங்கிய 80 ரூபாய்தான் முதல். ஒரு வீட்டு மாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நான்கு பொட்டலங்கள்தான் செய்தார்கள்.

1962-இல் தங்கள் அப்பளத்துக்குப் பெயர் தேடிப் போட்டி வைத்தார்கள். பரிசு 5 ரூபாய். 'லிஜ்ஜத்' என்ற பெயர் கிடைத்தது. குஜராத்தி மொழியில் அதற்கு 'ருசி' என்று பொருள். சிறிய பெயர். சொல்ல எளிது. அப்பளத்தில் நாம் தேடுவதும் ருசிதானே!

பின்னர் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு முயல் பொம்மை அப்பளத்தை மொறுமொறு என்று கடித்தது. அதைப் புரிந்துகொள்ள எழுத்து தேவையில்லை.

இன்று பல்லாயிரம் பெண்கள் அந்த அமைப்பில் உழைக்கிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பெயர் மட்டும் போதுமா? போதாது. தரத்தைக் குறைக்கக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். பொட்டலம் ஒருமுறை விற்கும். மறுமுறை விற்பது பொருளின் தரம்.

நம் பொட்டலம் எப்படி இருக்க வேண்டும்?

1. என்ன பொருள் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.
2. பெயர் சிறியதாக இருக்கட்டும்.
3. ஒரு படம் போதும். அது பொருளின் படமாக இருக்கட்டும்.
4. வெளிர் நிறத்தின் மேல் அடர் நிற எழுத்து நன்றாகத் தெரியும்.
5. எல்லாப் பெருமையையும் சொல்லாதீர்கள். ஒன்றைச் சொல்லுங்கள். அது உண்மையாக இருக்கட்டும்.
6. விலை, எடை, செய்த தேதி, கெடு தேதி, முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை கட்டாயம் வேண்டும்.

சதுரத்துக்குள் பச்சைப் புள்ளியைப் பார்த்திருப்பீர்கள். அது சைவ உணவின் அடையாளம். படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். நல்ல அடையாளம் அப்படித்தான் இருக்கும்.

அந்தப் பத்துப் பெண்களும் பொட்டலத்தை மாற்றினார்கள். அச்சிடும் முன் அதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் காட்டினார்கள். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. பார்த்ததும், "அப்பளமா? எனக்கு ஒரு கட்டு கொடு" என்றார். அதன் பிறகே அச்சுக்குக் கொடுத்தார்கள்.

நேற்று வரை நாமும் எழுத்துத் தெரியாமல் இருந்தவர்கள்தாமே? அப்படிப்பட்டவர்களை மறக்காமல் பொட்டலம் செய்வோம்.

பயிற்சி

1. முதல் பொட்டலத்தில் இருந்த குறைகள் எவை?
2. 'லிஜ்ஜத்' என்றால் என்ன பொருள்?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொட்டலத்தில் விலை, எடை, கெடு தேதி ஆகியவற்றைத் தேடி எழுதுங்கள்.
4. நீங்கள் விற்கும் பொருளுக்கு ஒரு பெயரும் ஒரு வரியும் எழுதுங்கள்.