பட்டுப்புழு வளர்ப்பில் ஹார்மோன்கள்

பூச்சியின் வளர்ச்சியை ஆள்பவை முக்கியமாக இரண்டு ஹார்மோன்கள். எக்டைசோன் தோலுரிப்பைத் தூண்டுகிறது. உரித்தபின் தோன்றுவது மீண்டும் புழுவா, கூட்டுப்புழுவா என்பதை இளமை ஹார்மோன் நிர்ணயிக்கிறது. 1954-ஆம் ஆண்டில் ஜெர்மன் அறிஞர்களான பூட்டனாண்ட், கார்ல்சன் ஆகியோர் ஏறத்தாழ 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து எக்டைசோனைப் பிரித்தெடுத்தனர். கிடைத்தது 25 மில்லிகிராம்!

இளமை ஹார்மோனையே பூச்சிகொல்லியாக்கலாம் என்று அமெரிக்க அறிஞர் காரல் வில்லியம்ஸ் 1956-இல் கருத்துத் தெரிவித்தார். அவ்வழியில் உருவான மெத்தோப்ரீன், கொசுப்புழு கொசுவாவதைத் தடுக்கிறது. அதே பொருளை ஐந்தாம் பருவப் பட்டுப்புழுவுக்கு மிகச் சிறிதளவு அளித்தால், அப்பருவம் சுமார் ஒரு நாள் நீள்கிறது. புழு கூடுதலாகத் தின்று கனமான கூடு கட்டுகிறது. அளவு மிகுந்தால் கூடே கட்டாமல் போகலாம். கூடுதல் நாளுக்கான மல்பெரி இலைச் செலவும் வளர்ப்பவரையே சாரும். இலையை விலைக்கு வாங்குவோருக்கு இது ஆதாயந்தானா என்பது ஐயத்திற்குரியது.

சிறு விவசாயிக்கு இதைவிடப் பயன்படக்கூடியது, தாவரங்களிலிருந்து பெறப்படும் எக்டைசோன் வகைப் பொருளே. கர்நாடகத்தில் மைசூரிலுள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் இதில் ஆய்வு செய்துள்ளது. சில புழுக்கள் முதிரத் தொடங்கியதும் இக்கரைசலை இலைமீது தெளித்து ஊட்டினால், ஏனையவையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முதிர்கின்றன. முதிர்ந்தவற்றை நாட்கணக்கில் பொறுக்கிச் சந்திரிகையில் ஏற்ற வேண்டிய வேலை சுருங்குகிறது. வீட்டாரின் உழைப்பையே நம்பியுள்ள குடும்பத்திற்கு, கூட்டின் எடை சற்று உயர்வதைக் காட்டிலும் இந்தக் கூலி மிச்சமே பெரிது.