பாண்டியின் காதும் பெரியப்பாவின் வேப்பிலையும்

அன்புக் கயல் கண்ணுக்கு,

நீ அனுப்பிய படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். உன் நாய் பாண்டிக்குக் காது மடலின் உட்புறம் சிவந்து, பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று அழுக்கு. முன்னங்கால் விரலிடுக்கில் முடியெல்லாம் செம்பட்டை ஏறிக் கிடக்கிறது. அது நக்கி நக்கி எச்சிலால் வந்த கறை. கிட்டப் போனால் புளித்த வாடை அடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். ஈஸ்ட்டாக இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் படத்தைப் பார்த்து வைத்தியம் சொல்கிற வழக்கம் கால்நடை வைத்திய வேலையில் இருந்தபோதே எனக்குக் கிடையாது.

"இங்கிலீஷ் மருந்து வேண்டாம் பெரியப்பா, இயற்கையா ஏதாவது சொல்லுங்க" என்கிறாய். வேப்பங்கொழுந்து உருண்டையை வாயில் வாங்கிக்கொண்டு, பெரியம்மா திரும்புவதற்குள் வாய்க்காலில் துப்பிவிட்டு வந்த பெண் கேட்கிற கேள்வி இது! சரி, சொல்கிறேன்.

மலசீசியா என்கிற அந்த ஈஸ்ட் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி இல்லை. நல்ல நாயின் தோலிலும் கொஞ்சம் இருக்கும். ஒவ்வாமையோ, தைராய்டுக் குறைவோ, ஓயாத ஈரமோ வந்து தோல் கெட்டால்தான் பெருகும். லாப்ரடாருக்கு ஒவ்வாமை சகஜம். காதோ தொங்கு காது, காற்றுப் போகாது. போதாததற்கு உன் வேளச்சேரிப் புழுக்கம். அதனால் எதைத் தடவினாலும் காரணத்தைப் பிடிக்காவிட்டால் அது அடுத்த மாதம் திரும்பி வரும்.

சோறு போட்டதால்தான் ஈஸ்ட் வந்தது என்று யாரோ சொல்ல, நீ சோற்றை நிறுத்திவிட்டாயாமே. பாவம் பாண்டி! இந்த ஈஸ்ட் மாவையும் சர்க்கரையையும் தேடி வருவதில்லை. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்ள அதற்கு வகையில்லை. தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையில்தான் பிழைக்கிறது. அதன் மேல் தினமும் தேங்காய் எண்ணெயைப் பூசி ஊறவிடுவது, அதற்குப் பந்தி விரித்து வைத்த மாதிரி. எண்ணெய்ப் பாட்டிலை உன் தலைக்கே வைத்துக்கொள்.

வேப்பிலையை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, வடிகட்டி, குளிப்பாட்டின பிறகு கடைசித் தண்ணீராக ஊற்றலாம். புண்ணாகி ரத்தம் கசிகிற இடத்தில் மட்டும் வேண்டாம். வேப்பெண்ணெய் வேறு சங்கதி. நாய் அதை நக்கும், நுரை தள்ளும், வாந்தி எடுக்கும். மஞ்சள் கெடுதல் செய்யாது, உன் சோபாதான் கெட்டுப்போகும். கற்றாழை என்றால் தோலைச் சீவி, வழிகிற மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடிச் சோற்றை மட்டும் எடு. அந்தப் பால் வயிற்றுக்குள் போனால் பேதியாகும். இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக் கிண்ணத்தில் ஈஸ்ட்டை அடக்குவது உண்மைதான், கண்ணு. ஆனால் மயிரும் பசையும் மண்டிய நாய்த்தோல் கிண்ணம் இல்லையே. ஆகவே துணைக்கு வைத்துக்கொள். அதையே மலைபோல் நம்பாதே.

இரண்டு பொருளை வீட்டு வாசலோடு நிறுத்திவிடு. ஒன்று, கடையில் இயற்கை என்று விற்கிற டீ ட்ரீ எண்ணெய். கலப்பில்லாத அந்த எண்ணெய் பட்டு நஞ்சேறிய நாய்களும் பூனைகளுமாக 443 கேஸ்களை அமெரிக்காவில் 2002 முதல் 2012 வரை பதிவு செய்திருக்கிறார்கள். எச்சில் வடிந்து, கால் தள்ளாடி, உடம்பு நடுங்கும். இன்னொன்று பூண்டு. கோமாரி வந்த மாட்டின் குளம்புப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, மஞ்சளோடு பூண்டும் சேர்த்து எண்ணெய் காய்ச்சுவோம், நல்ல மருந்துதான். ஊரிலிருந்து யாராவது அதைப் பாட்டிலில் கொடுத்தனுப்பினால் பாண்டிக்குப் போடாதே. நாய் ஒரு இடம் விடாமல் நக்கும். பூண்டோ நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். காதுக்குள் எதையுமே ஊற்றாதே. செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் நான்கூட ஊற்றமாட்டேன்.

மருந்தைவிட எனக்கு உன் பழக்கத்தைப் பற்றித்தான் கவலை. குளிப்பாட்டிவிட்டு ஒரு உதறு உதறியதும் "காஞ்சிடும்" என்று விட்டுவிடுகிறவள் நீ. உன் தலையையே அப்படித்தான் ஈரத்தோடு கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறாய்! நடைபோய் வந்ததும் நாலு பாதத்தையும் துடை. விரலிடுக்கை ஒவ்வொன்றாக விரித்து, பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்று. தேய்க்காதே. காது மடலைப் புரட்டி மோந்து பார். நல்ல காதின் வாடை எப்படி என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டால், கெட ஆரம்பிக்கும் அன்றே பிடித்துவிடலாம். டாக்டர் மைகனசோலும் குளோர்ஹெக்சிடினும் சேர்ந்த ஷாம்பு எழுதிக் கொடுத்தால் முகம் சுளிக்காதே. நுரையோடு பத்து நிமிஷம் ஊறவேண்டும். வாரம் இரண்டு தடவை, குறைந்தது மூன்று வாரம். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பொறுமை இல்லாமல்தான் பாதிப் பேர் மருந்து கேட்கவில்லை என்று வந்து நிற்பார்கள். போனைக் கீழே வைத்துவிட்டு பாண்டியோடு பேசிக்கொண்டிரு.

சனிக்கிழமை வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. சீக்கிரம் கிளம்பு, கூட்டம் இருக்கும். போவதற்கு முன்னால் குளிப்பாட்டாதே, காதையும் சுத்தம் செய்யாதே. பஞ்சில் ஒற்றி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு அவர்களுக்கு அந்த அழுக்கு வேண்டும். ஈஸ்ட்டா, பாக்டீரியாவா, பூச்சியா என்று அதில் தெரிந்துவிடும். தெரிந்ததும் எனக்குப் போன் போடு. செலவு எவ்வளவு ஆனாலும் உன் அப்பனிடம் மூச்சு விடாதே. "நாய்க்கு இவ்வளவா" என்று ஆரம்பித்துவிடுவான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெரியம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
கோபிசெட்டிபாளையம்