உழைப்போர் உருவம்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் உள்ளன. அதனை 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் அரியநாத முதலியார். குதிரைமீது அமர்ந்த அவருடைய சிலை மண்டப வாயிலில் விளங்குகின்றது. ஆயின், அத்தூண்களுக்குரிய பாறைகளைப் பெயர்த்தும் இழுத்தும் கொணர்ந்தோர் யாவர்? அவர்தம் பெயரும் உருவமும் நமக்குக் கிட்டவில்லை.

அக்குறையை நீக்குவது போலச் சென்னை மெரினாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலை நிற்கின்றது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த இவ்வெண்கலச் சிலை 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. உழைப்பாளர் நால்வர் பெரும்பாறை ஒன்றை அசைக்க முயல்கின்றனர். அவர்தம் தசைகள் முறுக்கேறியுள்ளன. நால்வர் வலிமையும் ஒன்றாய்க் கூடிப் பாறையின்மேற் பாய்கின்றது. 1923-ஆம் ஆண்டில் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியதும் சென்னைக் கடற்கரையிலேயாம்.

சோவியத் நாட்டுக் கலைஞரும் வண்ணக் கண்ணாடி, கல் ஆகியவற்றின் சிறு துண்டுகளை நெருக்கிப் பதித்து, உழவரையும் தொழிலாளரையும் பொதுவிடச் சுவர்களில் ஓவியமாக்கினர். பூங்காவிலும் கடற்கரையிலும் உள்ள கலையைக் காணக் கட்டணம் இல்லை. அதற்குக் கதவும் பூட்டும் இல்லை. ஆதலின், அதனைக் கீறியும் கிறுக்கியும் சிதைக்காது காத்தல் வழிச்செல்வோர் அனைவர்க்கும் கடனாகும். மாணவர்களே, பெயர் அறியா உழைப்பாளர்க்கு நாம் செய்யத்தக்க சிறு கைம்மாறு அதுவே.