மச்சல்னியின் குரு இல்லம்

இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் வட்டாரத்தில் மச்சல்னி என்றொரு சிற்றூர் உண்டு. 'பெரிய தீவு' என்பது அப்பெயரின் பொருள். சுற்றிலும் தாழ்நிலமாதலால், வெள்ளம் வந்தால் ஊர் மெய்யாகவே தீவாகிவிடும். 2014-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பல வாரங்கள் அவ்வாறே இருந்தது. ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம் 1308-இல் இவ்வூர்ப் பங்குக் குருவுக்குக் கட்டிக்கொடுத்த வீடு இன்றும் நிற்கிறது. சுவர் கல்லாலானது, கூரையோ வேய்ந்தது. ஓயாது மழை பெய்யும் நாட்டில் இது எப்படி நிலைத்தது என்று நாம் பார்ப்போம்.

சுவர்களை அருகில் கிடைக்கும் நீலச் சாம்பல்நிறச் சுண்ணாம்புக் கல்லால் எழுப்பியிருக்கிறார்கள். அக்கல் பலகை பலகையாகப் பிளக்கும். செதுக்கு வேலைக்கு ஆகாது. ஆகவே வாயில், சன்னல்களுக்கு மட்டும் ஹாம் குன்றின் பொன்னிறக் கல்லைக் கொண்டுவந்தார்கள். கூடத்தின் உயரமான கோதிக் சன்னல், வீட்டுக்கு ஒரு சிற்றாலயத்தின் சாயலைத் தருகிறது.

அக்காலக் கூடங்களில் மச்சு இராது. தரை நடுவே தீ மூட்டுவார்கள். புகை மேலேறிக் கூரை வழியே கசியும். இங்கே 15-ஆம் நூற்றாண்டில் பெரிய கல் கணப்படுப்பு அமைந்தது. புகைக்குத் தனிவழி கிடைத்தபின் கூடத்தின் குறுக்கே மச்சு போடவும் முடிந்தது.

இனிக் கூரை. வைக்கோலோ நாணலோ, அது நீரைத் தடுப்பதில்லை, வழுக்கி ஓடவிடுகிறது. அதனால்தான் சரிவு 45 பாகைக்கும் மேல் செங்குத்தாக இருக்கிறது. ஓரடி கனமுள்ள வேய்ச்சலில் மேற்புறம் ஓரிரு அங்குலமே நனையும். பீலியும் குழாயும் கிடையா. இறவாரம் நன்கு வெளியே நீண்டு நீரைச் சுவரிலிருந்து தள்ளி விழச் செய்கிறது. ஹேசல் மரக் குச்சிகளை முறுக்கி வளைத்துச் செருகியே கட்டுகளைப் பிணிக்கிறார்கள்.

1538-இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் மடம் மூடப்பட்டு, அதன் பெரிய ஆலயம் இடிக்கப்பட்டது. எஞ்சியவற்றுள் துறவிகளின் கழிப்பிடமும் ஒன்று. சொல்லக் கூச்சந்தான், ஆனால் அதுவும் கூரை வேய்ந்ததே! குரு இல்லமோ தப்பியது. பின்னாளில் பழுதுற்றபோது, 1877-இல் தோன்றிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தார் அதைப் புதிதாக்காமல் பழுது மட்டும் நீக்கினர். 1911-இல் அது தேசிய அறக்கட்டளையின் உடைமையாயிற்று. கல் அப்படியே இருக்க, கூரையின் முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வேய்வோர் ஏறிப் புதுப்பிக்க வேண்டும்.