விசிறி சொல்லும் செய்தி

கிள்ளானில் ஒரு தொடர்வீடு. பிற்பகல் மூன்று மணி. வெளியே வெயில் கொளுத்துகிறது. நான்காம் படிவ மாணவி ஒருத்தி, பள்ளிப் போட்டிக்காகக் காணொலி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறாள். மறுநாள் காலைக்குள் அதை ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். அவள் கட்டிலில் சாய்ந்திருக்க, மடிக்கணினி மெத்தையின்மேல் இருக்கிறது. பொறியியல் படிக்கும் அவளுடைய அண்ணன், பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கிய ஆற்றல்மிக்க கணினி அது. வீட்டில் இருப்பதும் அது ஒன்றுதான்.

காணொலியைச் சேமிக்கும் கட்டளையைக் கொடுத்த சில நொடிகளில் விசிறி இரையத் தொடங்குகிறது. சிறிது நேரத்தில் அந்த இரைச்சல் கூடம்வரை கேட்கிறது.

“என்னம்மா சத்தம் அது? சூடு தாங்காமல் வெடித்துவிடப் போகிறது. அணைத்து வை!” என்று பாட்டி குரல் கொடுக்கிறார்.

“இன்னும் பாதிகூட முடியவில்லை, பாட்டி,” என்கிறாள் அவள். சத்தத்தை அடக்குவதற்காக, விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மென்பொருள் ஒன்றை இணையத்தில் தேடுகிறாள். அப்போது உள்ளே வந்த அண்ணன் அவளைத் தடுக்கிறான்.

“விசிறியைக் குறை சொல்லாதே, தங்கச்சி. அது தன் வேலையைத்தான் செய்கிறது. முதலில் கணினியை மெத்தையிலிருந்து எடு.”

அண்ணன் சொன்னதன் பொருள் என்ன? அதை அறிய, கணினிக்குள் வெப்பம் எப்படிப் பிறக்கிறது, எப்படி வெளியேறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணினியின் மூளை எனப்படும் செயலியில் கோடிக்கணக்கான நுண்ணிய மின்விசைகள் உள்ளன. அவை ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. செயலி பயன்படுத்தும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. ஆற்றல்மிக்க மடிக்கணினியின் செயலி, கடுமையான வேலையின்போது 45 வாட் அல்லது அதற்கும் மேற்பட்ட மின்சாரத்தைப் பயன்படுத்தும். சோறு சமைக்கும் மின்குக்கர் 500 வாட் பயன்படுத்துவதோடு ஒப்பிட்டால் இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால், குக்கரின் வெப்பம் ஒரு சிறு தட்டளவுப் பரப்பில் பரவுகிறது. செயலியின் வெப்பமோ விரல் நகத்தளவுச் சில்லில் குவிகிறது. ஒரே அளவு பரப்பை எடுத்துக்கொண்டால், செயலியில் பிறக்கும் வெப்பம் குக்கரின் அடித்தட்டில் பிறப்பதைப்போல் பத்து மடங்குக்கும் அதிகமாகும்.

இந்தச் சிக்கல் புதியதன்று. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஓர் அறையையே நிறைத்த அக்கணினி 150 கிலோவாட் மின்சாரத்தைப் பயன்படுத்தியது. அதன் வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே காற்றூதிகள் பொருத்தப்பட்டிருந்தன. கணினி சிறுத்துவிட்டது, ஆனால் வெப்பத்தை வெளியேற்றும் தேவை மாறவில்லை.

மடிக்கணினியில் இப்பணியைச் செய்ய ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சில்லின்மேல் வெப்பத்தைக் கடத்தும் பசை பூசப்பட்டிருக்கும். அதன்மேல் செப்புத் தகடும், அதனோடு இணைந்த செப்புக் குழாயும் இருக்கும். குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு நீர்மம் சூடேறி ஆவியாகி, குழாயின் மறுமுனைக்குச் செல்லும். அங்கே வெப்பத்தை இழந்து மீண்டும் நீர்மமாகித் திரும்பி வரும். சோறு வேகும்போது எழும் ஆவி, மூடியில் பட்டு நீர்த்துளியாகி மீண்டும் பானைக்குள் விழுவதைப் போன்றதே இது. மறுமுனையில் மெல்லிய உலோக இதழ்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். விசிறி அவற்றின் ஊடே காற்றைச் செலுத்தி, வெப்பத்தைக் கணினிக்கு வெளியே தள்ளும். இவ்வழியில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் வெப்பம் உள்ளேயே தேங்கிவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் விசிறிக்கு வேலை சற்று அதிகம். கணினி தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கொண்டே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஆகவே, அறையின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறதோ, செயலியின் வெப்பநிலையும் ஏறத்தாழ அவ்வளவு உயரும். கோலாலம்பூரில் பகல் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 32 அல்லது 33 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. 22 டிகிரியில் இருக்கும் குளிரூட்டப்பட்ட அறையில் 85 டிகிரியை எட்டும் செயலி, நண்பகலில் குளிரூட்டி இல்லாத அறையில் 95 டிகிரியைத் தொட்டுவிடும். பல செயலிகளுக்கு 100 டிகிரியே எல்லை. அதை நெருங்கும்போது, சுமை தூக்குபவர் களைப்படைந்தால் நடையின் வேகத்தைக் குறைப்பதுபோல், செயலி தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் வெப்பம் தணியாவிட்டால், கணினி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

எனவே, விசிறியை மட்டும் அடக்குவது தீர்வாகாது. சத்தம் குறையும், ஆனால் செயலி சூடேறி மெதுவாகும். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை இருபது நிமிடம் இழுக்கும். அருகிலிருக்கும் மின்கலமும் தொடர்ந்து சூடேறி, விரைவில் தன் ஆயுளை இழக்கும்.

அப்படியானால் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. இரைச்சல் சிலருக்குப் பெரும் இடையூறாகவும் அமைகிறது. 1951ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் உள்ளது. பார்வையற்றோர் பலர், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளின் குரலைக் கேட்டே கணினியில் படிக்கின்றனர், எழுதுகின்றனர். விசிறியின் இரைச்சல் அக்குரலை மறைத்தால் அவர்களது வேலை தடைபடும். 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது, வீட்டிலிருந்தே பாடம் கேட்ட மாணவர்களுக்கும் ஆசிரியரின் குரல் தெளிவாகக் கேட்பது இன்றியமையாததாக இருந்தது.

இரைச்சலைக் குறைக்கும் வழி, விசிறியின் இயல்பிலேயே இருக்கிறது. விசிறியின் வேகம் இருமடங்கானால், அது தள்ளும் காற்றும் இருமடங்காகும். ஆனால் ஓசையோ ஏறக்குறைய 15 டெசிபல் உயர்ந்துவிடும். 10 டெசிபல் உயர்ந்தாலே மனிதச் செவிக்கு ஓசை இருமடங்காகத் தோன்றும். இதையே மறுபக்கமாகப் பார்த்தால் ஒரு நன்மை தெரிகிறது. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க முடிந்தால், ஓசை ஏறக்குறைய 5 டெசிபல் குறையும். வெப்பம் வெளியேற நாம் செய்யும் சிறு உதவியும் சத்தத்தை நன்றாகவே குறைக்கும்.

முதல் உதவி, காற்றுக்கு வழிவிடுவது. பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பகுதியின் வழியாகக் காற்றை இழுக்கின்றன. மெத்தை, தலையணை, கம்பளம் ஆகியவை அந்தத் துளைகளை அடைத்துவிடும். பெயரில் ‘மடி’ இருந்தாலும், மடிக்கணினிக்கு மடியும் ஏற்ற இடமன்று. பல மணி நேரம் மடியில் வைத்துப் பயன்படுத்தினால், அதன் சூடு தோலில் வலை போன்ற கறையைக்கூட ஏற்படுத்தலாம். மலாய்க் கம்பங்களில் மரபு வீடுகளைத் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டுவர். அடியில் காற்று உலவுவதால் வீடு குளுமையாக இருக்கும். கணினியையும் அவ்வாறே கடினமான மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு மூன்று செண்டிமீட்டர் உயர்த்தினால் போதும். சூடான காற்று வெளியேறும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. வெயில் படும் சன்னலோரத்தையும் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது உதவி, தேவையற்ற சுமையைக் குறைப்பது. செயலியின் வேகத்தைக் குறைத்தால், அதற்குத் தேவைப்படும் மின்னழுத்தமும் குறையும். இவ்விரண்டும் பத்து விழுக்காடு குறைந்தால், வேலையின் வேகம் பத்து விழுக்காடுதான் குறையும். வெப்பமோ நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். கணினியின் மின்சார அமைப்பில் ‘உச்சத் திறன்’ என்பதற்குப் பதிலாக ‘சமநிலை’ என்பதைத் தேர்ந்தெடுத்தாலே வேறுபாடு தெரியும். விளையாட்டுகளில் நொடிக்கு 144 படங்களுக்குப் பதிலாக 60 படங்கள் என வரம்பிடலாம். பயன்படுத்தாத மென்பொருள்களை மூடிவிடலாம்.

மூன்றாவது உதவி, தூய்மை. உலோக இதழ்களுக்கிடையே தூசி படிந்தால், விசிறி எவ்வளவு சுழன்றாலும் காற்று வெளியேறாது. சமையலறைக்கும் சாமி மேடைக்கும் அருகில் இருக்கும் கணினிகளில், எண்ணெய்ப் பிசுக்கும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து தூசியை இறுகப் பிடித்துக்கொள்ளும். கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிய பிறகு, துளைகளின் வழியே காற்றை விட்டுவிட்டுச் செலுத்தித் தூசியை அகற்றலாம். சில ஆண்டுகளில் காய்ந்துபோகும் வெப்பப் பசையை மாற்றுவதற்கு, புக்கிட் பிந்தாங்கிலுள்ள லோயாட் பிளாசா போன்ற கணினிச் சந்தைகளில் பழுதுபார்ப்போர் உள்ளனர். உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் தானே திறந்து பார்ப்பது நல்லதன்று.

செய்யக் கூடாதவையும் உண்டு. சூடான கணினியைக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் கூடாது. நம் நாட்டின் காற்றில் ஈரப்பதம் மிகுதி. குளிர்ந்த கணினியை வெளியே எடுத்தவுடன், குளிர்பானக் குவளையின்மேல் நீர் கோப்பதைப்போல் அதன் உள்ளும் நீர்த்துளிகள் படியும். மின்சுற்றுக்கு அது பெருங்கேடு. கணினியின் அடிப்பகுதி உப்பியிருந்தால், மின்கலம் வீங்கியிருக்கலாம். அதை உடனே அணைத்து, மின்னேற்றம் செய்வதை நிறுத்த வேண்டும். அழுத்தவோ துளையிடவோ கூடாது. பழுதுபார்ப்போரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.

விசிறியின் ஓசையைக் கேட்டே பலவற்றை அறியலாம். கடினமான வேலையின்போது எழுந்து, வேலை முடிந்ததும் அடங்கும் சீரான காற்றோசை இயல்பானது. எந்த வேலையும் செய்யாதபோது இரைந்தால், பின்னணியில் ஏதோ மென்பொருள் இயங்குகிறது. அல்லது காற்று வழி அடைபட்டிருக்கிறது. ‘கரகர’ என்றோ ‘தடதட’ என்றோ ஒலித்தால் விசிறியே தேய்ந்திருக்கலாம். அதை மாற்ற வேண்டும்.

கிள்ளான் வீட்டில், மடிக்கணினி இப்போது படிப்பு மேசைக்கு வந்துவிட்டது. அதன் பின்பக்கத்தின் இரு மூலைகளிலும், துளைகளை மறைக்காமல், இரண்டு அழிப்பான்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. பின்னணியில் திறந்து கிடந்த விளையாட்டை அண்ணன் மூடுகிறான். மேலே கூரைக் காற்றாடி சுழல்கிறது. சில நிமிடங்களில் இரைச்சல் தணிகிறது, முழுவதும் நின்றுவிடவில்லை.

“இன்னும் கொஞ்சம் கேட்கிறதே, அண்ணா?”

“வேலை செய்கிறது அல்லவா? மூச்சு வாங்கத்தான் செய்யும்,” என்கிறான் அவன்.

காணொலி முழுமையாகச் சேமிக்கப்பட்டதும், விசிறியும் ஓய்கிறது. கூடத்திலிருந்த பாட்டி எட்டிப் பார்க்கிறார்.

“அணைத்துவிட்டாயா?”

“இல்லை பாட்டி, முடித்துவிட்டேன்!”