எல்லையைத் திறந்தால் ஊர் காலியாகுமா?

கேள்வி: யார் வேண்டுமானாலும் எந்த நாட்டிலும் போய் வேலை செய்யலாம் என்று விட்டால், ஏழை நாடுகள் காலியாகிவிடாதா?

பதில்: ஐரோப்பா இதைச் செய்தே பார்த்திருக்கிறது. 2004 மே 1-இல் போலந்து, லிதுவேனியா உட்படப் பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் உடனே அந்நாட்டு மக்களை வேலைக்கு அனுமதித்தன. ஜெர்மனி 2011 வரை கதவைச் சாத்தியே வைத்திருந்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் 13,000 பேர் வருவார்கள் என்ற கணிப்பை பிரிட்டன் நம்பியது. வந்தவர்களோ பல லட்சம். ஜெர்மனி மூடிக்கிடந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அப்படியும் போலந்து காலியாகவில்லை. சுமார் 3.8 கோடிப் பேரில் மிகப் பெரும்பாலோர் ஊரிலேயே இருந்தார்கள். அங்கே கூலி உயர உயர, போனவர்களிலும் பலர் திரும்பினார்கள். சின்ன நாடான லிதுவேனியாவுக்குத்தான் பலத்த அடி. அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் இந்த ஏற்பாட்டை ஆதரிக்கிறேன். வந்தவருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே கூலி, ஒரே உரிமை என்கிறது ஒன்றியத்தின் சட்டம். கொடுமை செய்யும் முதலாளியை உதறிவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு, விசா முதலாளியின் கையில் இருப்பதால், இந்த உரிமைதான் கிடைப்பதில்லை.